டூம் 3 ரீமாஸ்டரை ஓரமாக வையுங்கள்: 2004-இன் இருட்டை இன்றைய கம்ப்யூட்டரில் கொண்டுவருவது எப்படி

செவ்வாய்க் கிரகத்தில் பேய்களைச் சுடும் திகில் கேமான டூம் 3-ஐப் புதிதாக யாராவது விளையாட ஆசைப்பட்டுத் தேடினால் முதலில் கண்ணில் படுவது பிஎஃப்ஜி எடிஷன்தான். 2012 அக்டோபரில் வந்த ரீமாஸ்டர், அதாவது பழைய கேமைப் புதுப்பித்த பதிப்பு. அகலத் திரை, கேம்பேட் வசதி, கூடவே டூம் 1, டூம் 2, விரிவாக்கமான ரிசரக்‌ஷன் ஆஃப் ஈவில், புதிதாகச் செய்த தி லாஸ்ட் மிஷன் என்று பட்டியல் நீளமாக இருக்கும். இத்தனையும் ஒரே பெட்டியில் கிடைக்கும்போது 2004-இல் வந்த பழையதை யார் தேடிப் போவார்கள் என்று தோன்றும். பழையதையே தேடிப் போங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எப்படிப் போவது என்பதும் கீழே இருக்கிறது. பெரிய வேலை இல்லை, ஒரு மாலை நேரம் போதும்.

முதலில் ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறேன், அது புரியாமல் இந்த வேலையில் இறங்கினால் பாதியில் அலுத்துவிடும்.

2004 டூம் 3-இல் டார்ச் லைட்டும் ஒரு ஆயுதம் மாதிரிதான். எஃப் பட்டனைத் தட்டினால் கையில் இருக்கும் துப்பாக்கி கீழே இறங்கி டார்ச் மேலே வரும். மறுபடி தட்டினால் டார்ச் போய்த் துப்பாக்கி வரும். இரண்டும் ஒன்றாக வராது. பார்க்க வேண்டுமா, சுட வேண்டுமா, அதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், அதுவும் ஏதோ ஒன்று மூச்சு விடும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போது. தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று நம் கரையைக் கடந்த பிறகு கடலூரில் இருந்தவர்களுக்கு இது தனியாகச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு இரண்டு கையாலும் ஃபியூஸ் போட்டவர்களுக்கு, வெளிச்சம் பிடிக்க ஒரு கை குறைகிறது என்ற அந்தத் தவிப்பு நன்றாகத் தெரியும். டூம் 3 மொத்தமும் அந்தத் தவிப்பின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது.

ரீமாஸ்டரில் என்ன செய்தார்கள்? டார்ச்சை எடுத்து கவசத்தில் மாட்டிவிட்டார்கள். பேட்டரி தீரும், கொஞ்சம் பொறுத்தால் தானாக ஏறிக்கொள்ளும், ஆனால் துப்பாக்கியைக் கீழே வைக்காமலே வெளிச்சம் அடிக்கலாம். அதோடு விடாமல் பல இடங்களில் விளக்குகளைச் சேர்த்து அறைகளை வெளிச்சமாக்கினார்கள், தோட்டாக்களையும் தாராளமாக வைத்தார்கள். ரசிகர்கள் கேமில் மாற்றம் செய்து வெளியிட்ட பழைய மாட்களை இதில் ஓட்ட முடியாதபடி கோப்புகளின் அமைப்பும் மாறிப்போனது. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் என் சித்தி பையன் முதலில் விளையாடியது இதைத்தான். முடித்துவிட்டு போன் செய்து "இதுக்கா ண்ணா நீ அவ்ளோ பில்டப் குடுத்த?" என்றான். அவன் மேல் தப்பே இல்லை. டூம் 3-இல் சுவர் திறந்து பின்னாலிருந்து பேய் குதிக்கும் வித்தை நிறைய உண்டு, அது அந்த கேமின் பலவீனம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கண் தெரியாத நேரத்தில் அந்த வித்தை பலித்தது. விளக்கைப் போட்டுவிட்டு அதே வித்தையைக் காட்டினால் சுவருக்குப் பின்னால் அடைத்துவைத்த அலமாரி அப்படியே தெரிகிறது.

சரி, நியாயமாகவும் பேசுவோம். கேம்பேடில் சோபாவில் உட்கார்ந்து விளையாட பிஎஃப்ஜி நன்றாகவே இருக்கும், செக்பாயிண்ட் முறையும் வசதி. அந்தச் சமயத்தில் டூம் 3-இன் எஞ்சினை எழுதிய ஜான் கார்மேக் தலையில் மாட்டும் காட்சிக் கருவிகளில் தீவிரமாக இருந்தார், 2012-இல் ஆக்குலஸ் ரிஃப்ட்டின் ஆரம்பகால மாதிரியை அவர் காட்டியதும் இந்த பிஎஃப்ஜி எடிஷனை வைத்துத்தான். எனக்குக் குறை ஒன்றே ஒன்று: கேமின் உயிர் எங்கே இருந்ததோ அங்கேயே கை வைத்துவிட்டார்கள்.

உங்களிடம் இருப்பது எது என்று பாருங்கள்

பெயரை நம்பாதீர்கள். இணையக் கடையின் பக்கத்தில் இரண்டுக்கும் டூம் 3 என்றே போட்டிருக்கும், படமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். இன்ஸ்டால் ஆன ஃபோல்டரைத் திறந்து உள்ளே பேஸ் என்ற ஃபோல்டரைப் பாருங்கள். பேக்000, பேக்001 என்று வரிசையாக எண் போட்டு, பிகே4 என்று முடியும் பெரிய கோப்புகள் இருந்தால் அது 2004 டூம் 3. ரிசோர்சஸ் என்று முடியும் கோப்புகள் இருந்தால் அது பிஎஃப்ஜி. பிஎஃப்ஜி கோப்புகளை வைத்துக்கொண்டு கீழே சொல்லும் வழியில் போக முடியாது, அதனால் வாங்குவதற்கு முன்பே பக்கத்தைக் கீழ்வரை படித்து, 2004 பதிப்பும் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள்.

பழைய சிடி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. டூம் 3 மூன்று சிடிகளில் வந்தது. தேவனாம்பட்டினம் மாதிரி கடற்கரையை ஒட்டிய வீடுகளில், புதுச்சேரியில் குருசுக்குப்பம் பக்கம் எல்லாம், உப்புக்காற்றும் ஈரமும் சிடியை விட்டுவைக்காது. ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தால் நேராக டிரைவில் போடாதீர்கள். மெல்லிய துணியைத் தண்ணீரில் நனைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்கவே கூடாது. நன்றாகக் காய்ந்த பிறகு யூஎஸ்பியில் மாட்டும் டிவிடி டிரைவில் போட்டு, எதற்கும் மூன்று சிடிகளையும் இமேஜாகக் காப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்களில் டிரைவ் வருவது நின்று பல வருடம் ஆகிவிட்டது, தனி டிரைவ் யாரிடமாவது இரவல் வாங்கினால்கூட வேலை முடிந்துவிடும்.

சிடியிலிருந்து இன்ஸ்டால் செய்தால் 1.3.1 என்ற கடைசித் திருத்தத்தையும் போட்டாக வேண்டும். போட்டுவிட்டீர்களா என்று பார்க்க வழி சுலபம்: பேஸ் ஃபோல்டரில் பேக்000 முதல் பேக்008 வரை, மொத்தம் ஒன்பது கோப்புகள் இருக்க வேண்டும். 004-உடன் நின்றிருந்தால் திருத்தம் ஏறவில்லை என்று அர்த்தம். ஸ்டீம் என்ற இணையக் கடையில் இருக்கும் பழைய டூம் 3 திருத்தத்தோடே வரும்.

எஞ்சினை மாற்றுவது

2004-இல் வந்த எக்ஸ்இ கோப்பை அப்படியே ஓட்டலாம், ஆனால் அகலத் திரை, ஒலி என்று ஒவ்வொன்றாக மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். அதற்குப் பதிலாக ஆர்வலர்கள் பராமரிக்கும் ஒரு புது எஞ்சின், அதாவது கேமை ஓட்டும் மென்பொருள், இருக்கிறது, அதைத்தான் பயன்படுத்தப் போகிறோம். பெயரை ஆங்கிலத்தில் டி, எச், இ, டபிள்யூ, எம், 3 என்று சேர்த்துத் தட்டித் தேடுங்கள். படிக்கும்போது டூம் என்றே காதில் விழும்படி வைத்த பெயர், இங்கே வசதிக்காகத் தியூம்3 என்று எழுதுகிறேன். டூம் 3-ஐச் செய்த இட் சாஃப்ட்வேர் 2011 நவம்பரில் அதன் மூல நிரலை, யாரும் எடுத்து மாற்றிக்கொள்ள அனுமதிக்கும் ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்டது, அதிலிருந்து பிறந்ததுதான் இது. காசு கிடையாது. லினக்ஸிலும் ஓடும். (அந்த வெளியீட்டிலும் ஒரு கதை உண்டு. நிழல்களை வரையும் ஒரு முறைக்கு வேறொரு நிறுவனம் காப்புரிமை வைத்திருந்ததால், அந்தச் சில வரிகளை கார்மேக் மாற்றி எழுதிய பிறகுதான் நிரல் வெளியே வந்தது. டூம் 3-இன் நிழல்கள் அவ்வளவு முக்கியமானவை.)

செய்ய வேண்டியது இவ்வளவுதான். தியூம்3-இன் விண்டோஸ் பதிப்பு ஜிப் கோப்பாக வரும், அதை டி டிரைவிலோ வேறு எங்கோ தனி ஃபோல்டரில் விரித்துக்கொள்ளுங்கள். புரோகிராம் ஃபைல்ஸுக்குள் வேண்டாம், அங்கே அனுமதி கேட்டுத் தொல்லை செய்யும். உங்கள் பழைய டூம் 3-இன் பேஸ் ஃபோல்டரிலிருந்து பேக் என்று தொடங்கும் ஒன்பது கோப்புகளையும் தியூம்3-க்குள் இருக்கும் பேஸ் ஃபோல்டருக்குக் காப்பி செய்யுங்கள், பேஸ் இல்லையென்றால் அதே பெயரில் ஒன்றை உருவாக்குங்கள். பழைய செட்டிங் கோப்புகளைக் கொண்டுவர வேண்டாம், அவை புது இடத்தில் குழப்பம்தான் செய்யும். பழைய சேவ் கோப்புகளும் இதில் திறக்காது. முதலிலிருந்து ஆரம்பிக்கத் தயாராக இருங்கள், இந்த கேமுக்கு அதுதான் நல்லதும்கூட. புது சேவ்கள் டாக்குமெண்ட்ஸில் மை கேம்ஸ் ஃபோல்டருக்குள் போய் உட்காரும். விண்டோஸை அழித்துப் போடும் முன் அதைக் காப்பி எடுக்க மறக்காதீர்கள்.

இப்போது தியூம்3-ஐத் திறந்தால் மெனு வரும். வரவில்லை, கறுப்பு ஜன்னலில் ஏதோ எழுத்தாக ஓடி நின்றுவிட்டது என்றால் பெரும்பாலும் பேக் கோப்புகள் தவறான இடத்தில் இருக்கின்றன. பேஸுக்குள் இன்னொரு பேஸ் ஆகிவிட்டதா என்று பாருங்கள், இந்தக் கேள்வியோடு வருபவர்களில் பலருக்கும் பதில் அதுதான்.

எஃப் 10 தட்டுங்கள். புதிய பதிப்புகளில் தியூம்3-இன் சொந்த செட்டிங் மெனு இதில் திறக்கும். ரெசல்யூஷன் உங்கள் மானிட்டருக்கு எதுவோ அது. தரத்தில் அல்ட்ரா போடுங்கள். 2004-இல் அல்ட்ராவுக்கு 512 எம்பி கிராஃபிக்ஸ் நினைவகம் வேண்டும் என்றார்கள், அப்போது வீட்டில் அப்படி ஒரு கார்டு வைத்திருந்தவர் யாரும் இல்லை. இன்று ப்ராசஸரோடு சேர்ந்து வரும் சாதாரண கிராஃபிக்ஸே இதை இழுத்துவிடும், தனி கார்டு இல்லையே என்று யோசிக்க வேண்டாம். படம் நடுவில் கிழிந்து தெரியாமல் இருக்க விசிங்க் போட்டுக்கொள்ளுங்கள். பழைய கேமின் கணக்கு வினாடிக்கு 60 பிரேம்தான், 144 வாங்க முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள்.

இருட்டைச் சரியாக வைப்பது

முக்கியமான வேலை இதுதான், பலரும் அவசரத்தில் தாண்டிப் போவதும் இதைத்தான்.

பிரைட்னஸ், காமா இரண்டும் 1 என்ற இடத்தில் இருக்கும். கை அரிக்கும், ஏற்றாதீர்கள். கேமின் தொடக்கத்தில் மார்ஸ் சிட்டியில் எல்லோரும் உயிரோடு நடமாடும் நேரம் ஒன்று வரும், அங்கே நின்று பாருங்கள். பேசுபவர்களின் முகம் தெளிவாக இருக்க வேண்டும், மேசைக்கு அடியிலும் குழாய்களுக்குப் பின்னாலும் சுத்தமான கறுப்பு இருக்க வேண்டும். கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் குற்றவாளி அநேகமாக உங்கள் மானிட்டர். கேமிங் மானிட்டர்களில் இருட்டு மூலைகளை மட்டும் வெளிச்சமாக்கிக் காட்டும் ஒரு வசதி இருக்கும், பிளாக் ஈக்வலைசர், ஷேடோ பூஸ்ட் என்று கம்பெனிக்கு ஒரு பெயர். ஆன்லைன் போட்டிகளுக்கு அது உதவும், இங்கே கேமையே கொன்றுவிடும். அணைத்துவிடுங்கள். காட்சிக்குத் தக்கபடி வெளிச்சத்தைத் தானாக ஏற்றி இறக்கும் டைனமிக் கான்ட்ராஸ்டையும் அணையுங்கள், இல்லாவிட்டால் டார்ச் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் திரை மொத்தமும் மூச்சு விடுவது மாதிரி மாறும்.

அப்புறம் உங்கள் அறை. நம் ஊர் வெயிலில் மதியம் ஜன்னலை மூடினாலும் திரையில் உங்கள் முகமும் பின்னால் இருக்கும் கதவும்தான் தெரியும். ராத்திரி வீடு அடங்கிய பிறகு, டியூப் லைட்டை அணைத்துவிட்டு உட்காருங்கள். ஹெட்போன் கட்டாயம், மின்விசிறிச் சத்தத்தில் டூம் 3-இன் பாதி விஷயம் காணாமல் போகும். எஃப் 10-இல் ஒலிப் பகுதியில் ஈஎஃப்எக்ஸ் எதிரொலி வசதி இருக்கும், அதை இயக்குங்கள். அந்தக் காலத்தில் இந்த மாதிரி எதிரொலிக்குத் தனி சவுண்டு கார்டு வாங்க வேண்டியிருந்தது. இப்போது இரும்புக் கூடத்தில் நடந்தால் இரும்புக் கூடம் மாதிரியும், குறுகலான குழாய்ப் பாதையில் நடந்தால் அது மாதிரியும் காலடிச் சத்தம் மாறும். எதிரி எந்தப் பக்கம் என்று கண்ணைவிடக் காதுதான் முதலில் சொல்லும். டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் யூபிஎஸ் இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம், சேவ் எழுதும் நேரத்தில் கரண்ட் போனால் அந்த சேவ் திறக்காமல் போகலாம். எஃப் 5 விரைவு சேவ், எஃப் 9 திரும்ப ஏற்றுவது.

விளையாடும்போது

முதல் தடவைக்கு மரீன் என்ற நடுநிலை கடினம் போதும்.

எஃப் பட்டன் விரலுக்குப் பழக வேண்டும். அறைக்குள் நுழைந்ததும் டார்ச்சால் மூலைகளைச் சுற்றிப் பாருங்கள், எங்கே மறைவிடம் இருக்கிறது, எங்கே வழி என்று மனதில் வாங்கிக்கொண்டு, பிறகு துப்பாக்கிக்கு மாறி அந்த நினைவை வைத்தே நடங்கள். சத்தம் வந்த திசையில் சுடும்போது துப்பாக்கியின் பொறி ஒரு கணம் அறையைக் காட்டும், அதில் அடுத்த குண்டைக் குறி வையுங்கள். பேய் எறியும் நெருப்புப் பந்துகூட வழியெல்லாம் வெளிச்சம் போட்டுக்கொண்டுதான் வரும், அதை ஒதுங்கி விட்டு அது காட்டிய இடத்தைப் பிடியுங்கள். இதெல்லாம் ரீமாஸ்டரில் தேவையே படாத திறமைகள். டார்ச்சாலும் அடிக்கலாம், தனியாக வரும் மெதுவான ஜாம்பிக்கு அதுவே போதும், தோட்டா மிச்சம். ஷாட்கன்னில் குண்டுகள் மிகவும் அகலமாகச் சிதறும், தூரத்திலிருந்து சுட்டு ஏமாறாதீர்கள். மூக்குக்கு நேரே வந்த பிறகு அழுத்துங்கள்.

இறந்தவர்களின் பிடிஏக்களை (கையடக்கக் கருவிகளை) எடுத்துப் படியுங்கள், ஒலிப்பதிவுகளையும் கேளுங்கள். பூட்டிய அலமாரிகளின் எண்கள் அவற்றில்தான் இருக்கும். மார்ஷியன் பட்டி என்ற விளம்பர மின்னஞ்சலில் வரும் அலமாரிக்கு மட்டும் எண் கேமுக்குள் எங்கும் கிடையாது. அந்த விளம்பரத்தில் இருந்த முகவரியில் அப்போது நிஜமாகவே ஒரு வலைத்தளம் வைத்து, அங்கே போய்ப் பார்ப்பவர்களுக்கு எண்ணைக் கொடுத்தார்கள். 0508 என்று போடுங்கள், திறக்கும்.

ஆல்ஃபா லேப்ஸ் என்ற கட்டத்தில் ஓர் இடத்தை மட்டும் அவசரப்படாமல் விளையாடுங்கள். கையில் விளக்கு வைத்திருக்கும் விஞ்ஞானி ஒருவர் இருட்டு வழியாக உங்களைக் கூட்டிப்போவார். அவர் விளக்கு ஒரு சின்ன வட்டத்துக்கு மட்டும்தான் வெளிச்சம் தரும், நீங்கள் அந்த வட்டத்துக்குள் ஒட்டியே நடக்க வேண்டும், நடந்தால் உங்கள் கை துப்பாக்கி பிடிக்கக் காலியாக இருக்கும். கேம் தொடங்கியதிலிருந்து வெளிச்சமும் துப்பாக்கியும் ஒரே நேரத்தில் உங்களுக்குக் கிடைப்பது அநேகமாக அங்கேதான், அதுவும் இன்னொருவர் தயவில். அவர் பின்தங்கினால் வயிற்றில் ஏதோ செய்யும். தோளிலேயே விளக்கு மாட்டியிருக்கும் பிஎஃப்ஜியில் இதே காட்சியை ஓட்டிப் பாருங்கள், இந்த மனிதர் எதற்கு முன்னால் நடக்கிறார் என்றே புரியாது. ரீமாஸ்டர் எதைத் தொலைத்தது என்று யாராவது கேட்டால் நான் இந்த ஒரு காட்சியைத்தான் காட்டுவேன்.

டக்ட் டேப் என்று ஒரு புகழ்பெற்ற மாட் உண்டு. கேம் வெளிவந்த சூட்டோடு ஒருவர் டார்ச்சைத் துப்பாக்கியில் ஒட்டவைத்து வெளியிட்டது. செவ்வாய்க் கிரகத்தில் ஒரு துண்டு டேப் கிடைக்காதா என்ற அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது. முடித்த பிறகு இரண்டாவது சுற்றுக்கு அதைப் போட்டுக்கொள்ளுங்கள், முதல் தடவை வேண்டாம்.

பிஎஃப்ஜி மட்டும்தான் இருக்கிறது, மறுபடி காசு போட மனமில்லை என்பவர்களுக்கு: ஆர்பி டூம் 3 பிஎஃப்ஜி என்ற எஞ்சின் அந்தக் கோப்புகளோடு ஓடும், படத்தின் தரம் நன்றாகவே உயரும். அதில் பிரைட்னஸை இறக்கி, சுடும்போது விளக்கை அணைப்பது என்று நீங்களே ஒரு விதி வைத்துக்கொண்டு ஆடலாம். கொஞ்ச தூரம் பலன் தரும். ஆனால் கூடுதலாக வைத்த விளக்குகளும் கொட்டிக் கிடக்கும் தோட்டாக்களும் அப்படியேதான் இருக்கும், தள்ளுபடியில் வரும்போது பழையதை வாங்கிவிடுவதே மேல்.

பழையதற்குப் போனால் பிஎஃப்ஜியின் கூடுதல் கட்டங்கள் போய்விடுமே என்ற கவலையும் வேண்டாம். 2005-இல் வந்த ரிசரக்‌ஷன் ஆஃப் ஈவில் உங்களிடம் இருந்தால் அதன் டி3எக்ஸ்பி ஃபோல்டரை பேஸுக்குப் பக்கத்திலேயே காப்பி செய்யுங்கள், மெனுவில் மாட்ஸ் பகுதியில் பெயர் வந்துவிடும். லாஸ்ட் மிஷனையும் ஆர்வலர்கள் பழைய டூம் 3-க்கு மாற்றி வைத்திருக்கிறார்கள், அதற்கு ரிசரக்‌ஷன் கோப்புகளும் தேவை, தியூம்3-க்கான தனி டிஎல்எல் கோப்பும் (மாடின் நிரல் இருக்கும் கோப்பு) தேவை. இரண்டும் தியூம்3-இன் மாட்கள் பக்கத்தில் விளக்கத்தோடு இருக்கின்றன. வேறு எந்த மாடை எடுத்தாலும் இதே விதிதான்: டிஎல்எல் உள்ள மாட் என்றால் தியூம்3-க்கென்று தொகுத்தது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறக்குங்கள், படங்களையும் ஒலிகளையும் மட்டும் மாற்றும் மாட்கள் பெரும்பாலும் அப்படியே ஓடும்.